மண்ணைக் கிளறப் படிப்பா?

போன வருஷம் வைகாசியில் ஒரு நாள் விடியற்காலையில் மதுரையிலிருந்து அண்ணன் டெலிபோன் செய்தார். அந்த வேளையில் மணி அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

“அம்மாவுக்கு ஒண்ணுமில்லே. எல்லாம் உன் மருமகள் பண்ற கூத்துத்தான். பத்தாவதிலே நல்ல மார்க் வாங்கியிருக்கா. கேட்ட குரூப் கிடைக்கும். இவ என்னடான்னா விவசாயப் பிரிவிலே சேரப்போறேன்னு நிக்கிறா. நீ புறப்பட்டு வந்து சொல்லு. அத்தை சொன்னாக் கேட்பா” என்றார்.

அன்றிரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். ரயிலில் தூக்கம் பிடிக்கவில்லை. பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதிகளை ஒவ்வொன்றாக மனத்தில் அடுக்கிக்கொண்டே போனேன். மதுரை வந்தபோது ஒரு மணி நேரம் பேசுவதற்கான சரக்கு என்னிடம் இருந்தது.

வீட்டில் பெரிய மகாநாடே கூடியிருந்தது. அண்ணன் ஊஞ்சலில். அண்ணி சமையலறை வாசற்படியில். அம்மா முற்றத்து மல்லிகைச் செடியின் அருகில் மணை போட்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் பெண், பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

“கணக்குக்குப் பயந்துக்கிட்டா இந்த முடிவு?” என்று நான் ஆரம்பித்தேன்.

“கணக்கிலேதான் அத்தை எனக்கு அதிக மார்க்” என்றாள்.

என் சரக்கில் பாதி அங்கேயே தீர்ந்துவிட்டது.

“மண்ணைக் கிளற ஒரு படிப்பா? அதுவும் ஒரு பெண்பிள்ளைக்கு! வெளிநாட்டிலே எல்லாம் பெண்கள் எங்கேயோ போயிட்டாங்க” என்று அண்ணன் குறுக்கிட்டார்.

“வெளிநாட்டிலேயும் இதைத்தான்ப்பா சொன்னாங்க” என்றாள் பெண், சற்றும் கோபமில்லாமல். “அமெரிக்காவிலே 1917லேயே சட்டம் போட்டு உயர்நிலைப் பள்ளிகள்லே விவசாயம் சொல்லித்தர அரசாங்கம் பணம் கொடுத்துச்சு. அப்படிப் படிக்கிற பிள்ளைகளுக்காக 1928லே கான்ஸாஸ் நகரத்திலே நாடு முழுக்க ஒரு சங்கம் ஏற்படுத்தினாங்க. பெண்களை அந்தத் தேசியச் சங்கத்திலே சேர்த்துக்கிட்டது எப்போ தெரியுமா? 1969லே! அதுக்கப்புறம் பதிமூணே வருஷத்திலே, 1982லே, ஒரு பொண்ணு அந்தச் சங்கத்துக்கே தலைவியா வந்துட்டா.”

அண்ணன் ஊஞ்சலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

ஆனால் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கு அந்தப் பெண்ணிடமும் பதில் இல்லை.

“உங்க தாத்தா அந்த மண்ணை விட்டுக் கரையேறத்தான், என் தாலிக்கொடியை அடகு வச்சு உங்கப்பனைப் படிக்க வச்சாரு. நீ மறுபடியும் அதிலேயே போய் விழறேங்கிறே.”

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. பெண்ணின் கண்ணில் நீர் தளும்பியது. ஆனாலும் விண்ணப்பத்தை அவள் கீழே வைக்கவில்லை. கடைசியில் அண்ணன்தான் பாதி மனத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் அன்று இரவே சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அம்மா பக்கம்தான் நியாயம் என்றுதான் எனக்கும் அப்போது பட்டது.

பிறகு நான் மதுரைக்குப் போனது கார்த்திகைத் தீபத்துக்கு. வாசலில் நுழையும்போதே வீடு அமளிதுமளிப்பட்டுக்கொண்டிருந்தது.

“குலத்தைக் கெடுக்க வந்தவளே! உங்க தாத்தா கையாலே வச்ச செடியடி அது!” என்று அம்மா முற்றத்தில் நின்று கத்துகிறாள். மதில் உயரத்துக்குப் புதராக மண்டிக் கிடந்த குண்டுமல்லிச் செடி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மொட்டையாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு வண்டி அளவுக்கு வெட்டிய கிளைகள். கத்தரிக்கோலைப் பிடித்தபடி நம் பெண்.

எனக்கே பகீரென்றது. மதுரையில் மல்லிகைச் செடி என்றால் வெறும் செடியா? 2013ல் புவிசார் குறியீடே வாங்கிய பூ ஆயிற்றே! அதிலும் இது என் அப்பா வைத்தது.

“அத்தை, நீங்களாவது கேளுங்க. மல்லிகை புதுத் தளிரிலேதான் மொட்டு வைக்கும். பழைய கிளை எத்தனை இருந்தாலும் இலைதான் இருக்கும். ரெண்டு மூணு வருஷமா அப்பத்தாவுக்கு ஒரு முழம் பூக்கூடச் சேரலே. கார்த்திகையிலே, இங்கிலீஷ் மாசம் நவம்பர் கடைசி வாரத்திலே, இப்படி அரை மீட்டருக்கு வெட்டிவிட்டு, பத்துக் கிலோ மக்கின தொழு உரம் போட்டுத் தண்ணி விட்டா, வெயில் எல்லாக் கிளைக்கும் படும். மாசி, பங்குனியிலே பூக்கும்” என்றாள்.

“பூக்கலேன்னா?” என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். “பூக்கலேன்னா என் மேலேதான் தப்பு. நோட்டிலே எழுதி வைப்பேன்.”

பூக்கவில்லை என்றால் நோட்டில் எழுதுவாளாம்! அம்மா அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தீபத்தன்று பொரியுருண்டையைக்கூட என் கையில் கொடுத்து, “அவகிட்டே கொடு” என்றாள்.

தைப் பொங்கல் கழிந்து பள்ளிக்கூடத்தில் பெற்றோர் தினம். நான் அப்போதும் மதுரையில் இருந்தேன். அண்ணனுக்கு ஆபீஸ். “நானும் வரேன். என்னதான் சொல்லிக் கொடுக்கிறாங்கன்னு பார்த்துடறேன்” என்று அம்மா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அரை ஏக்கர் இருக்கும். பச்சை நிழல்வலை கட்டிய ஒரு பந்தல். மேட்டுப்பாத்திகளில் தக்காளியும் கத்திரியும் நாற்றுவிட்டிருந்தார்கள். ஓரமாக மக்கு உரக்குழி. கொய்யா மரத்தின் கிளைகளில் பல இடங்களில் பாலிதீன் கட்டி, காயம்பட்டவனுக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது.

“இதென்ன, மரத்துக்கு ஆஸ்பத்திரியா?” என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

பெண்தான் பதில் சொன்னாள், என்னைப் பார்த்துக்கொண்டே. “இதுக்கு விண்பதியன்னு பேர், அத்தை. பென்சில் கனத்திலே ஒரு கிளையைப் பார்த்து, ஓர் அங்குலத்துக்குப் பட்டையை மட்டும் மோதிரம் மாதிரி சுத்தி எடுத்துடணும். ஈரமான தென்னை நார்த்தூளை அதிலே வச்சுப் பாலிதீனாலே இறுக்கிக் கட்டணும். வேர் பிடிச்சதும் கீழே வெட்டி, நிழலிலே நட்டுட்டா புதுச் செடி.”

“பட்டையை உரிச்சாக் கிளை செத்துப் போகாதா?” என்று நான் கேட்டேன்.

“வேரிலேருந்து தண்ணி ஏறுறது உள்கட்டை வழியா, அத்தை. அதை நாம தொடறதே இல்லே. இலை சமைக்கிற சாப்பாடு கீழே இறங்குறது பட்டை வழியா. பட்டையை எடுத்ததாலே சாப்பாடு அந்த இடத்திலேயே தங்கிடுது. தங்கின இடத்திலே ஈரமும் இருட்டும் இருந்தா வேர் விட்டுடும்.”

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. நான் பட்டம் வாங்கியவள். ஒரு மரத்தில் தண்ணீர் எந்த வழியாக மேலே போகிறது, சாப்பாடு எந்த வழியாகக் கீழே வருகிறது என்று இத்தனை வயதுக்கு யோசித்ததில்லை.

அவளுடைய செய்முறை நோட்டை ஆசிரியை எடுத்துக் காட்டினார். ஐப்பசி மழையில் கட்டிய பதியன் இருபது. வேர் பிடித்தது பதினொன்று. பிடிக்காத ஒன்பதுக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தாள்: ‘கட்டு தளர்ந்தது’, ‘நார் காய்ந்தது’, ‘பட்டையை முழுதாக எடுக்கவில்லை’. இரண்டுக்கு நேராக, ‘காரணம் தெரியவில்லை’.

“ஒன்பது போனதைக்கூட எழுதணுமா?” என்றேன்.

“அதைத்தானம்மா முதல்லே பார்க்கிறோம்” என்றார் ஆசிரியை. “பதினொண்ணு பிடிச்சது அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம். ஒன்பது ஏன் போச்சுன்னு சொல்றவங்களுக்குத்தான் தொழில் தெரியும்.”

அடுத்தாற்போல் மாங்கன்றுகள் பைகளில் வரிசையாக இருந்தன. ஆசிரியை ஒரு கன்றைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு கொஞ்சம் பருத்து, சாய்வாக ஒரு தழும்பு.

“இங்கேதான் பாட்டி ஒட்டுக் கட்டினோம். கீழே இருக்கிறது கொட்டையிலேருந்து முளைச்ச செடி. மேலே இருக்கிறது நல்லாக் காய்க்கிற மரத்துக் குச்சி. கொட்டை போட்டு வளர்த்தாத் தாய் மரத்துக் குணம் அப்படியே வரும்னு சொல்ல முடியாது. காய்க்கவும் ஏழெட்டு வருஷம் ஆகும். ஒட்டுக் கன்று மூணு நாலு வருஷத்திலே காய்க்கத் தொடங்கும். வாங்கும்போது இந்தத் தழும்பைப் பார்த்துத்தான் வாங்கணும்” என்றார்.

அம்மா அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து மெள்ளச் சொன்னாள்:

“நாற்பது கன்று. ஒரு ஏக்கர் பூராவும். ஒட்டுக் கன்றுன்னு சத்தியம் பண்ணி ஒருத்தன் சந்தையிலே உங்கப்பாவுக்கு வித்தான். எட்டு வருஷம் குடத்திலே தண்ணி தூக்கி ஊத்தினோம். எட்டாம் வருஷம் காய்ச்சுது. ஒரே புளிப்பு, ஒரே நாரு. வியாபாரி ஒருத்தன் திரும்பிப் பார்க்கலே. அந்த வருஷந்தான் நிலத்தை வித்தோம்.”

நிலத்தை விற்றது எனக்குத் தெரியும். கடன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எதனால் கடன் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை; நானும் கேட்டதில்லை.

“இந்தத் தழும்பைப் பார்க்கத் தெரிஞ்சிருந்தா...” என்று ஆரம்பித்தவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேலே சொல்லவில்லை.

என் அப்பாவுக்கு உழைக்கத் தெரியும். வெயில், மழை பார்க்காமல் உழைத்தார். மண்ணிலே இறங்கியதால் அவர் கெட்டுப்போகவில்லை. ஒரு சாண் உயரத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல்தான் கெட்டார். ரயிலில் புத்திமதிகளை அடுக்கிக்கொண்டு வந்தேனே, அவற்றில் இது ஒன்றுமே இல்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இதைப் படிக்கும் சகோதரிகளில் பலருடைய வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் 1978ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அதில் ஒன்றுதான் விவசாயம். மற்றப் பிள்ளைகளைப் போலவே இவர்களுக்கும் தமிழும் ஆங்கிலமும் உண்டு. விவசாயப் பாடத்துக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு, செய்முறையும் உண்டு. தோட்டக்கலை அதில் ஒரு பெரிய பகுதி: நாற்றங்கால், பழமரம், காய்கறி, பூ, அலங்காரச் செடி எல்லாம் வரும்.

‘இதற்கு மேலே என்ன?’ என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். 1868ல் சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளியாக ஆரம்பித்து, 1906ல் கோயம்புத்தூருக்குப் போய், 1971ல் பல்கலைக்கழகமான ஸ்தாபனத்திலே, தொழிற்கல்விப் பிரிவில் படித்த பிள்ளைகளுக்கென்று தனியாக இடம் ஒதுக்குகிறார்கள். தோட்டக்கலைக்கே தனிக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரியகுளத்தில் ஒன்று, திருச்சிக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்றே ஒன்று. மேலே படிக்காவிட்டாலும் நர்சரி வைக்கலாம், மாடித் தோட்டம் போட்டுக் கொடுக்கலாம். கையில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு.

சங்கடமும் இல்லாமல் இல்லை. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இந்தப் பிரிவு கிடையாது. சில இடங்களில் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் வேறு ஆள் போடாமல் பிரிவையே மூடிவிட்டார்கள். ‘மார்க் குறைந்ததுகளைத் தள்ளிவிடும் இடம்’ என்ற பேச்சு வேறு. அந்தப் பேச்சைப் பரப்பினவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன். சேர்ப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். பிரிவின் பெயர் பலகையில் இருந்தால் போதாது. ஆசிரியர் இருக்கிறாரா, நிலம் இருக்கிறதா, பிள்ளைகளின் நகக்கண்ணில் மண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பெண்ணிடம் நான் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்களையும் சொல்லி விடுகிறேன். தொட்டியில் செடி வளர்ப்பவர்களுக்கு உபயோகப்படும். கடையில் வாங்கிய ரோஜாச் செடி சில மாதத்தில் பூவே இல்லாமல் முள்ளும் கொடியுமாக ஓடுகிறதா? பெரும்பாலும் அது மொட்டுக் கட்டிய செடியாக இருக்கும். தழும்புக்குக் கீழேயிருந்து காட்டுச் செடி துளிர்த்து, நல்ல செடியின் சாப்பாட்டைத் தின்றுகொண்டிருக்கும். கீழ்த் துளிரைக் கண்டதும் அடியோடு கிள்ளி எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று முருங்கை. நம் காலத்தில் போத்து வெட்டி நடுவோம். பெரியகுளத்தில் உண்டாக்கிய ‘பி.கே.எம். 1’ என்ற ரகத்தை விதை போட்டே வளர்க்கிறார்கள்; ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளைத்து, கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கும். கிள்ளாமல் விட்டால் மாடி வீட்டுக்காரர்தான் பறிப்பார்!

பங்குனியில் மறுபடியும் மதுரைக்குப் போனேன். மல்லிகை என்ன ஆயிற்று என்று டெலிபோனில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் போய் இறங்கினேன். முற்றத்தில் கால் வைக்கும்போதே வாசனை வந்துவிட்டது. இடுப்பு உயரத்துக்குப் பசேலென்று தழைத்து, கிளை நுனியெல்லாம் மொட்டு. அம்மா மணை போட்டு உட்கார்ந்து பறித்துக்கொண்டிருந்தாள். மடி நிறைந்திருந்தது.

பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அப்பத்தா பேசாமல் இருந்த நாட்களில் அவள் இளைத்துப்போயிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது முகத்தில் ஒரு தெளிவு.

“என்னடி எழுதறே?” என்றேன்.

“இன்னிக்கு எத்தனை பூன்னு கணக்கு, அத்தை. அப்பத்தா எண்ணிச் சொல்றாங்க.”

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்சம் கூச்சமாகத்தான் சிரித்தாள். பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, “போதும் எழுதினது. இங்கே வந்து உட்காரு” என்று சொல்லி, நாரை எடுத்துத் தொடுக்க ஆரம்பித்தாள். முதல் முழத்தைத் தானே அவள் தலையில் வைத்துவிட்டு, பின்னலைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“வர்ற கார்த்திகைக்கும் நீயே வெட்டு. நான் அன்னிக்குக் கோயிலுக்குப் போயிடறேன். வெட்டுறதைப் பார்க்கத்தான் மனசு தாங்காது.”

இந்த வருஷம் பெண் பிளஸ் டூ. அண்ணன் இப்போது மாட்டுத்தாவணிக்குப் போனால், எந்தக் கன்றைப் பார்த்தாலும் குனிந்து தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். அண்ணி சொல்லிச் சிரிக்கிறாள்.